செம்மக்கள் நாடு: ஓக்லகோமா என்னும் பெயரும் அதன் ஊர்களும்

நிலத்துக்கு ஆற்றின் பெயர் அமைவதுண்டு. மலையின் பெயரும் மரத்தின் பெயரும் மன்னன் பெயரும் அமைவதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவே கோதுமை வயலும் மேய்ச்சல் வெளியும் எண்ணெய்க் கிணறுமாகப் பரந்து கிடக்கும் ஓக்லகோமா மாநிலத்துக்கோ மக்களின் பெயரே நிலப்பெயராயிற்று. அப்பெயருக்குள் ஒரு நிறமும் இருக்கிறது. எனவே அம்மாநில ஊர்களில் எவ்வெவ்வினத்தார் எவ்வளவினர் வாழ்கின்றனர் என்று அறிய விரும்புவோர் மக்கள்தொகைக் கணக்கேடுகளை மட்டும் புரட்டினால் போதாது. ஊர்ப்பெயர்களின் வேரையும் அகழ்ந்து பார்க்க வேண்டும். சொல்லில் விருப்பமுடைய நண்பர்களே, அந்த அகழ்வுக்கு உங்களையும் அழைக்கிறேன்.

'ஓக்லகோமா' என்பது சாக்டா மொழிச் சொல். 'ஓக்லா' என்றால் மக்கள், குடி, இனக்குழு. 'ஹும்மா' அல்லது 'ஹோமா' என்றால் சிவப்பு. சாக்டா மொழியில் பண்புச்சொல் பெயருக்குப் பின்னே நிற்கும். ஆகவே அவர்கள் 'மக்கள் சிவந்தோர்' என்னும் முறைவைப்பில் சொல்வதை, பண்பை முன்வைத்துப் பழகிய நாம் 'செம்மக்கள்' என்று பண்புத்தொகையாக்கிக்கொள்ளலாம். ஒலியளவிலும் இப்பெயர் தமிழுக்கு எளிதில் இசைகிறது: உயிர்களுக்கிடையே வரும் நம் ககரம் தானாகவே மென்மையுற்று மூச்சொலியாய் ஒலிப்பதால், 'ஓக்லகோமா' என்று எழுதினாலே போதும், சாக்டாக்காரரின் ஹகரம் ஏறத்தாழ நம் நாவில் வந்துவிடுகிறது. 'ஓக்லா' என்ற முன்சொல்லை நம் 'குடி'யோடு வைத்துப் பார்ப்பதில் தனிச்சுவை உண்டு. குடி என்பது நமக்கு முதலில் மக்கள், பிறகு அவர்கள் வாழும் ஊர். காரைக்குடியும் மன்னார்குடியும் அப்படி ஊரானவை. மக்களைக் குறித்த சொல் நிலத்துக்கு ஆகிவரும் தானியாகுபெயர் இலக்கணம் சாக்டா நிலத்திலும் செல்லுபடியாகும் என்பதை ஓக்லகோமா காட்டுகிறது.

இப்பெயரை இட்டவர் யாரென்று தெரியும். ஆலன் ரைட் என்னும் சாக்டா இனத் தலைவர். மிசிசிப்பியில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தாரோடு மேற்கே பெயர்க்கப்பட்டு, பின்னர் நியூயார்க்கில் இறையியல் பயின்று, கிரேக்கமும் இலத்தீனும் எபிரேயமும் கற்ற சொல்வல்லார் அவர்; 1880இல் சாக்டா மொழிக்கு ஓர் அகராதியும் வெளியிட்டார். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், வாசிங்டன் நகரில் நடந்த உடன்படிக்கைப் பேச்சில், பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய ஆட்சிப்பகுதிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்வி எழுந்தபோது 'ஓக்லகோமா' என்ற பெயரை முன்மொழிந்தவர் அவரே. ஆங்கிலத்தில் 'இந்தியர்' என்று பிழையாக நிலைத்துவிட்ட பெயருக்கு மாற்றாக, தம் மக்கள் தம்மைக் குறித்துச் சொல்லிக்கொண்ட சொல்லையே அவர் எடுத்து வைத்தார்.

இங்கே 'சிவப்பு' என்பதன் பொருளைச் சற்று நின்று நோக்க வேண்டும். தோலின் நிறத்தைச் சுட்டுவது என்று இன்று எளிதாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தென்கிழக்கு அமெரிக்கப் பழங்குடிகளிடையே செந்நிறம் போரின் நிறம், வெண்ணிறம் அமைதியின் நிறம். மஸ்கோகி மக்களிடம் 'செவ்வூர்' என்றும் 'வெள்ளூர்' என்றும் இருவகை ஊர்கள் இருந்தன. போர்க்காலத்துக்குரிய தலைமை முன்னதற்கும் அமைதிப் பணிகள் பின்னதற்கும் உரியவை. சாக்டா மறவர் பெயர்களிலும் 'ஹோமா' என்னும் ஈறு வீரப்பட்டம்போல் வந்து அமர்ந்தது; பதினெட்டாம் நூற்றாண்டுத் தலைவர் ஒருவர் 'ஷூலுஷ் ஹோமா', அதாவது செங்காலணி என்றே அறியப்பட்டார். ஆக, அந்த மண்ணில் சிவப்பும் வெண்மையும் முதலில் ஒரே மக்களுக்குள் இருந்த இரு கடமைகளைக் குறித்தன; தோலைக் காட்டிப் பிரிக்கும் பொருள் பிற்பாடு ஏறியது.

ரைட் பெயர் தந்த அதே உடன்படிக்கையில் இன்னொரு மக்களும் இடம்பெற்றனர். 1830களில் சாக்டா, சிக்கசா, செரோக்கி, மஸ்கோகி, செமினோல் ஆகிய ஐந்து குடிகளும் தம் தாய்நிலத்திலிருந்து மேற்கே துரத்தப்பட்டபோது, அவர்களுள் செல்வர்கள் தம் கருப்பின அடிமைகளையும் உடன் கொண்டுவந்தனர். 1866 உடன்படிக்கைகள் அவ்வடிமை முறையை ஒழித்தன. 'செம்மக்கள்' என்ற பெயர் எழுத்தில் ஏறிய தாளிலேயே, விடுதலை பெற்ற கருப்பின மக்களின் நிலை என்ன என்ற கேள்வியும் எழுதப்பட்டிருக்கிறது. பெயர் ஒரு நிறத்தைச் சொன்னது. நிலத்தில் நின்றவர்களோ முதல் நாளிலேயே பல நிறத்தவர்.

இந்தக் கலப்புக்குச் சிறந்த சான்று 'செமினோல்' என்னும் பெயர். இச்சொல் மஸ்கோகி மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மஸ்கோகிக்கோ எசுப்பானியத்திலிருந்து வந்தது. கட்டுத்தறியை விட்டுக் காட்டுக்கு ஓடிப்போன விலங்கை எசுப்பானியர் 'சிமர்ரோன்' என்றனர். மஸ்கோகி மொழியில் ரகரம் இல்லை. அதனால் அது 'சிமலோனி' என்று லகரமேற்று, பின் லகரமும் னகரமும் தம்முள் இடம் மாறி 'சிமனோலி' ஆயிற்று. தசை சதையாகவும், விசிறி சிவிறியாகவும் நம்மிடம் எழுத்து நிலைமாறி வழங்குவதை அறிந்தவர்க்கு இம்மாற்றம் வியப்பாகாது. தாய்க்குடியை விட்டுப் புளோரிடாவின் தொலைநிலங்களுக்குப் போய்த் தனித்து வாழ்ந்தோர்க்கு அப்பெயர் வந்தது. அதே எசுப்பானியச் சொல்லிலிருந்தே, பண்ணைகளைவிட்டுத் தப்பியோடிய கருப்பின அடிமைகளுக்கு ஆங்கிலத்தில் 'மரூன்' என்னும் பெயரும் பிறந்தது. அவர்களுள் பலர் செமினோல்களிடமே அடைக்கலம் புகுந்து, அவர்களோடு சேர்ந்து போரிட்டனர். ஒரே வேர்ச்சொல் சிவந்த மக்களையும் கருத்த மக்களையும் தனித்தனியே பெயரிட்டு, புளோரிடாவில் ஒன்றாய் வாழவும் வைத்தது.

அந்தச் செமினோல்களின் ஓக்லகோமாத் தலைநகர் 'வெவோக்கா'. 'குரைக்கும் நீர்' என்று பொருள்; அருவியின் இரைச்சலுக்கு நாய்க்குரைப்பின் ஒலியை ஏற்றிய அழகிய பெயர். 1849இல் அங்கு முதற்குடியேற்றம் அமைத்தவர் ஜான் ஹார்சு என்னும் கருப்பினச் செமினோல் தலைவர். மாநிலத்தின் மேற்கோடியிலே, வேறு நான்கு மாநிலங்களை எல்லையாகக் கொண்டு, 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,300 பேரே வாழும் ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் பெயர் 'சிமரான்'. ஓடிப்போனோரைக் குறித்த சொல், மாநிலத்தின் நடுவில் ஒரு குடியின் பெயராகவும், ஓரத்தில் ஆளரவமற்ற சமவெளியின் பெயராகவும் நிற்கிறது.

இனி நகரங்களுக்கு வருவோம். 2020 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் 39.6 இலட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓக்லகோமா நகரம், துல்சா ஆகிய இரு பெருநகர்ப் பகுதிகளிலேயே வாழ்கின்றனர். 'துல்சா' என்பது 'தல்லாசி' என்னும் மஸ்கோகிப் பெயரின் திரிபு. 'தல்வா' என்பது ஊர்; 'அகசி' என்பது பழமை. 'மூதூர்' என்பதே நேர்ப்பொருள். புளோரிடாவின் தலைநகரான தலகாசியும் இதே சொல்தான். ஒரு பெயர் தாய்நிலத்திலே நின்றுவிட்டது, மற்றொன்று துரத்தப்பட்டவர்களோடு நடந்து வந்தது. அலபாமாவிலிருந்து 1830களில் வந்துசேர்ந்த லோச்சபோக்கா ஊரார், புறப்பட்ட இடத்து அடுப்புத் தீயின் கங்குகளையும் சாம்பலையும் வழியெல்லாம் காத்துக் கொணர்ந்து, ஆர்கன்சா ஆற்றங்கரையில் ஒரு கருவாலி மரத்தடியில் மீண்டும் தீ மூட்டினர் என்பது அவர்கள் மரபு. அந்த மரம் இன்றும் துல்சா நகரின் நடுவே பேணப்படுகிறது. புதிதாய்க் கால் வைத்த மண்ணுக்கு மூதூர் என்று பெயரிட்டவர்கள், பழைமையைக் கங்கில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

1905இல் அருகே எண்ணெய் பொங்கியதும் துல்சா வெள்ளையர் நகரமாய்ப் பெருகியது. இருப்புப்பாதைக்கு வடக்கே, கருப்பினத்தார் தமக்கென ஒரு வணிகக் குடியிருப்பைக் கட்டியெழுப்பினர். அதன் பெயர் 'கிரீன்வுட்'. இப்பெயருக்கு வழங்கும் விளக்கம், மிசிசிப்பி மாநிலத்துக் கிரீன்வுட் நகரின் பெயரை ஒட்டி வைத்தது என்பது. அந்த மிசிசிப்பி நகருக்கோ கிரீன்வுட் லெஃப்ளோர் என்பவரின் பெயர் இடப்பட்டது. யார் இவர்? 1830இல் சாக்டா மக்களின் தாய்நிலத்தைக் கைவிடும் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட சாக்டாத் தலைவர். தாமோ மிசிசிப்பியிலேயே தங்கி, நூற்றுக்கணக்கான கருப்பின அடிமைகளைக் கொண்டு பருத்தி விளைவித்தவர். வழங்கும் விளக்கப்படி, சாக்டா ஒருவரின் பெயர் பருத்தி நகரத்தின் பெயராகி, அங்கிருந்து விடுதலை பெற்ற கருப்பினத்தாரின் தெருப்பெயராய், சாக்டாக்காரர் பெயரிட்ட மாநிலத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

1921 மே 31 இரவும் மறுநாளும் வெள்ளையர் கூட்டம் கிரீன்வுட்டை எரித்தது. 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின; முந்நூறு பேர்வரை மாண்டிருக்கலாம் என்பது வரலாற்றறிஞர் மதிப்பீடு. அந்நிகழ்வுக்கு வைத்த பெயரும் ஒரு கொடுமை செய்தது. அதை 'இனக் கலவரம்' என்றனர். காப்பீட்டு முறிகளில் கலவரத்தால் வரும் இழப்புக்குப் பொறுப்பில்லை என்றொரு விதி இருந்தது; அந்த ஒரு சொல்லைக் காட்டி, வீடும் கடையும் இழந்தவர்களின் கோரிக்கைகளைத் தள்ளினர். கலவரம் என்பது இரு பக்கத்தாரும் கலப்பது. படுகொலை என்பது ஒரு பக்கத்தார் கொல்வது. நூற்றாண்டு நினைவுக்கு அமைத்த குழுவே 2018இல் தன் பெயரிலிருந்து 'கலவரம்' நீக்கிப் 'படுகொலை' என்று மாற்றிக்கொண்டது. இன்று மாநிலம் முழுவதிலும் நூற்றுக்கு ஏழு பேர் கருப்பினத்தார் என்றால், துல்சாவில் ஏறத்தாழ அதன் இருமடங்கு. கிரீன்வுட்டை எரித்தும் அவர்களை அந்நகரிலிருந்து அகற்ற முடியவில்லை.

கருப்பினத்தாரே கட்டிய ஊர்கள் ஓக்லகோமாவில் ஐம்பதுக்கும் மேல் இருந்தன. பதின்மூன்று இன்றும் உள்ளன. 1890இல் தோன்றிய 'லாங்சுடன்', நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த ஜான் மெர்சர் லாங்சுடன் என்னும் கருப்பினத் தலைவரின் பெயர் தாங்குகிறது. கருப்பினத்தார்க்கென நிறுவிய பல்கலைக்கழகமும் அங்கு உண்டு. 'போலி' என்னும் ஊர், மஸ்கோகிக் குடியைச் சேர்ந்த விடுதலையுற்ற கருப்பினக் குடும்பத்தின் நிலத்தில் எழுந்தது. அதற்கோ ஓர் இருப்புப்பாதை அலுவலரான வெள்ளையரின் பெயர். செம்மக்கள் வழி வந்த நிலம், கருப்பர் கட்டிய ஊர், வெள்ளையர் பெயர்: மாநிலத்தின் இன வரலாறு ஒரே ஊர்ப்பலகையில் அடங்கிவிட்டது.

பெயராராய்ச்சியில் கட்டுக்கதைகளை நீக்குவதும் ஒரு கடமை. செரோக்கிகளின் தலைநகரான 'தலெக்குவா'வுக்கு 'இரண்டு போதும்' என்று பொருள் கூறுவர். கூட்டத்துக்கு மூன்றாம் ஆள் வரக் காத்திருந்த இருவர், தாமே போதும் என்று முடிவுசெய்தார்களாம். கேட்க இனிது. ஆயினும் கிழக்கே டென்னசியில் இருந்த 'தெலிக்கோ' என்னும் பழைய செரோக்கி ஊரின் பெயரையே கொண்டுவந்து இட்டனர் என்பதே ஆய்வாளர் கொள்கை. துல்சாவைப் போலவே இதுவும் நடந்து வந்த பெயர். இன்றும் அங்கே ஏறத்தாழ மூவரில் ஒருவர் பழங்குடியினர். தெருப்பலகைகள் ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்திலும் மிளிர்கின்றன. அதுபோல 'ஈனிட்' நகருக்கு, உணவகப் பலகையின் 'டைன்' என்ற சொல்லைத் தலைகீழாகப் படித்ததால் அப்பெயர் வந்தது என்பார்கள். உண்மையில் அது டென்னிசன் பாடிய ஒரு காவிய நாயகியின் பெயர். ஆங்கிலக் காவியத்தின் பெயர் தாங்கிய அக்கோதுமை நகரில் இன்று பசிபிக் மாக்கடலின் மார்சல் தீவினர் பெருந்திரளாய் வாழ்கின்றனர். தம் தீவுகளில் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை அணுகுண்டு வெடித்துப் பார்த்த மக்கள் அவர்கள்.

ஓக்லகோமா நகரத்தில் 1975க்குப் பின் வந்த வியட்நாமியரின் கடைத்தெரு உண்டு. மேற்கே 'கைமன்' என்ற ஊரில் பன்றியிறைச்சி ஆலை வந்தபின், எசுப்பானிய மொழி மரபினர் பாதிக்கு மேலாயினர். துல்சாவில் மியன்மாரிலிருந்து வந்த 'சோமி' மக்கள் தம் தேவாலயங்களோடும் கடைகளோடும் நிலைத்துவிட்டனர். இச்சொல்லில் 'மி' என்றால் மக்கள். 'சோ' என்பது அவர்கள் இனப்பெயர். அதே இரு சொற்களும் முன்பின்னாக மாறி நின்றால் 'மிசோ'; நம் நாட்டு மிசோராமின் பெயர். மலைநாட்டு மொழியொன்றின் 'மி'யும் சாக்டாவின் 'ஓக்லா'வும், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகளின் சொற்கள், மக்கள் என்னும் ஒரே பொருளோடு இன்று ஒரே மாநிலத்தில் வழங்குகின்றன.

இவ்வளவு பேரும் வாழும் நிலத்தைச் சட்டம் எப்படிப் பிரித்தெழுதியது? 1889 ஏப்ரல் 22 நண்பகலில், குடியேறிகள் முந்திச்சென்று நிலம் பிடிக்கும் 'நிலப்பாய்ச்சல்' நடந்தது. வெடியோசை கேட்டதும் குதிரைகளிலும் வண்டிகளிலும் பாய்ந்தவர்கள் மாலைக்குள் ஓக்லகோமா நகரத்தையும் கத்ரியையும் கூடாரங்களால் நிரப்பினர். 1907இல் மாநிலமானதும், சட்டமன்றம் இயற்றிய முதற்சட்டமே தொடர்வண்டியில் கருப்பினத்தாரைத் தனிப்பெட்டியில் ஏற்றும் சட்டம். அவ்வாண்டு அரசமைப்பில் ஒரு சொற்பொருள் விளக்கமும் எழுதினார்கள்: ஆப்பிரிக்க வழியினர் அனைவரும் 'கருப்பினம்', ஏனையோர் அனைவரும் 'வெள்ளையினம்'. செம்மக்கள் என்று பெயர் கொண்ட மாநிலத்தின் சட்டத்திலே செம்மக்கள் வெள்ளையராயினர். தாம் பெயர் தந்த நிலத்தில் தம் நிறத்தை இழந்த மக்கள் இவர்கள். அவ்விளக்கம் பல பத்தாண்டுகள் நின்று, பின்னரே நீக்கப்பட்டது.

சட்டம் சிவப்பை வெள்ளையாக்கியது. பேச்சுவழக்கு அந்தச் சிவப்பை வெட்டியே விட்டது. 1930களின் வறட்சியிலும் புழுதிப்புயலிலும் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் பஞ்சம் பிழைக்கப் போன உழவர்களை அங்குள்ளோர் 'ஓக்கி' என்று இகழ்ந்தனர். தஞ்சாவூர் தஞ்சையாய், கோயம்புத்தூர் கோவையாய்க் குறுகுவது போன்ற மரூஉ இது. ஆனால் இகழ்ச்சி ஏற்றிய மரூஉ. வெட்டுண்டு போனது 'ஹோமா' என்னும் நிறப்பகுதி. எஞ்சியது 'ஓக்லா'வின் முதலெழுத்துகள். ஓக்கிகளில் பெரும்பாலோர் வெள்ளையரான ஏழை உழவர்கள். செந்நிறம் நீங்கி, மக்கள் என்ற பொருளின் துணுக்கு மட்டும் தாங்கிய இச்சொல்லை 1969இல் மெர்ல் ஆகார்டு என்னும் பாடகர், மஸ்கோகி நகரத்து ஓக்கி என்று பெருமையோடு பாடித் தலைநிமிர வைத்தார். அப்பாட்டில் ஓக்கியோடு இணைந்த ஊர்ப்பெயரும் ஒரு பழங்குடியின் பெயரே.

இப்பெயர்களையெல்லாம் விட ஆழமாய் இன்றைய வாழ்வைத் தொடும் ஒரு சொல் இன்னும் இருக்கிறது. 1898 முதல் பழங்குடி நிலங்களைத் தனியாட்களுக்குப் பங்கிடுவதற்காக ஆட்பதிவேடு எழுதியபோது, அலுவலர்கள் ஒரே குடியை இரு பட்டியலாகப் பிரித்தனர்: 'இரத்தவழியினர்' ஒன்று, 'விடுதலையுற்றோர்' மற்றொன்று. பாட்டன் செரோக்கியாகவே இருந்தாலும் தோல் கருத்திருந்தால் இரண்டாம் பட்டியலில் எழுதப்பட்டவர் பலர். நூறாண்டுக்குப் பின்னும் அப்பட்டியலைக் காட்டியே குடியுரிமை மறுக்கப்பட்டது. 2021இல் செரோக்கி உச்சநீதிமன்றம் தம் குடியின் அரசமைப்பிலிருந்து 'இரத்தவழி' என்னும் சொல்லை நீக்கத் தீர்ப்பளித்தது; விடுதலையுற்றோரின் வழித்தோன்றல்கள் முழுக்குடிமக்களாயினர்.

எண்ணிக்கை ஓர் ஊரில் எத்தனை பேர் என்று சொல்லும். யார், எவ்வழியில், எவரால் துரத்தப்பட்டு வந்தனர் என்பதைப் பெயர்தான் சொல்லும். அதோடு, ஒரு சொல்லை எழுதுவதும் நீக்குவதும் ஆயிரக்கணக்கானவரை மக்களாகவோ அயலாராகவோ ஆக்கிவிடும் என்பதை ஓக்லகோமா நமக்குக் கற்பிக்கிறது. மாநிலத்துக்குப் பெயர் தந்த சாக்டாக் குடியில் விடுதலையுற்றோரின் வழியினர்க்கு அந்த வாயில் இன்னும் திறக்கவில்லை. 'ஓக்லா' என்ற சொல்லுக்கு 'மக்கள்' என்று அகராதியில் பொருள் எழுதியாயிற்று. அச்சொல்லுக்குள் அவர்களும் அடங்குவர் என்று எழுதும்போதுதான் அந்தப் பொருள் நிறைவுபெறும்.